முனைப்பு உண்டு, முதல் எங்கே?

“முதலாளி ஆக விரும்புவோர் எத்தனை பேர்? கை தூக்குங்கள், பார்ப்போம்!”

கோவை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலே, தொழில்முனைவு என்னும் பாடத்தை நடத்தத் தொடங்கிய நாள் முதலாய், ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நாம் எழுப்பி வந்த கேள்வி இது. அறுபது பேர் அமர்ந்திருப்பர். அறுபது கைகளும் உயரும். உயர்ந்த கைகளைக் கண்டு நம் உள்ளம் பூரிக்கும். “வேலை தேடி அலையாதீர்! வேலை கொடுப்போராக உயர்வீர்!” என்று முழங்குவோம். கையொலி கிளம்பும். மணி அடிக்கும். அறுபது ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டிவிட்டு வருபவர்போல் நாமும் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வருவோம்!

அந்த நெஞ்சு தாழ்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஊரார் குறையை ஊரறிய எடுத்துரைக்கும் ஏட்டிலே நம் குறையை மட்டும் மூடி மறைப்பது முறையாகுமா, தோழர்களே?

ஒரு மாணவன். பெயர் வேண்டாம். தந்தை வார்ப்படச்சாலைத் தொழிலாளி. உலையிலிருந்து இரும்பை ஊற்றியபின், மண் அச்சை உடைத்து, சூடு ஆறாத வார்ப்படத்தை வெளியே எடுக்கும் வேலை. அருந்ததியர் குடும்பம். அந்தக் குலத்தில், அந்தத் தெருவில், பொறியியல் படிக்க வந்த முதற்பிள்ளை. 2009-இல் கலைஞர் ஆட்சியில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்றல்லவா, அந்தக் கதவு திறந்ததால் உள்ளே வந்தவன். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கை கொடுத்தது. விடுமுறை நாட்களில் ஆவாரம்பாளையத்து லேத் பட்டறைகளில் வேலை செய்து, கை பழகியவன்.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு தொழில்திட்டம் எழுதித் தரவேண்டும். அவன் எழுதியது எளிய திட்டம். பம்பு செய்யும் பெரிய ஆலைகள் வார்ப்படங்களைக் கொடுக்கும். சிறு பட்டறைக்காரர் அவற்றைக் கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பித் தருவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கோவையில் இதற்கு ‘ஜாப் ஆர்டர்’ என்று பெயர். பழைய லேத் ஒன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று, கொட்டகைக்கு முன்பணம், மின் இணைப்பு, மூன்று மாத நடப்புச் செலவு என்று ஏழரை இலட்ச ரூபாய்க்குக் கணக்குப் போட்டிருந்தான். ஓர் இம்பெல்லரைக் கடைய எத்தனை நிமிடம், கடைசல் உளி எத்தனை உருப்படிக்கு ஒருமுறை தேயும், மின்வெட்டு வந்தால் நட்டம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தன. வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணை அதற்குத்தான் வழங்கினோம். பக்கத்து இருக்கைக்காரன், ஒரு பட்டறை முதலாளியின் மகன், முந்திய ஆண்டு மாணவன் எழுதியதைப் பெயர் மாற்றிக் கொடுத்தான். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் போட்டு விட்டோம்.

2017-இல் இருவரும் வெளியேறினர். பெயர் மாற்றிக் கொடுத்தவன் மாமனின் கொட்டகையில், மாமன் பெயரில் வாங்கிய இயந்திரத்தோடு, மாமனுக்குத் தெரிந்த ஆலையிலிருந்து வேலை பெற்று, பட்டறை தொடங்கினான். இன்று பலருக்குக் கூலி கொடுக்கும் நிலையில் இருக்கிறான். அவன்மீது நமக்குக் குறையேதும் இல்லை. மாமன் இருந்தது அவன் குற்றமா? மற்றவன், ஒரு மாலை, நம் வீட்டு வாயிலில் வந்து நின்றான்.

“சார், பேங்குக்கு மூணு தடவ போயிட்டு வந்துட்டனுங்க. சொத்துப் பத்திரம் என்ன இருக்குதுன்னு கேக்கறாங்க. இல்லாட்டி உத்தியோகத்துல இருக்கறவங்க ரெண்டு பேரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. எங்க சனத்துல நான் யாரைங்க சார் கூட்டிட்டுப் போறது?”

நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “தளராதே! முனைப்புள்ளவனுக்கு வழி தானே பிறக்கும்” என்றோம்.

பூசாரி என்ன சொல்வார்? “நம்பிக்கையோடு இரு, ஆத்தா வழி காட்டுவாள்” என்பார். ஆத்தா இருந்த இடத்தில் முனைப்பு என்ற சொல்லைப் போட்டோம், அவ்வளவுதான்! அவராவது திருநீறு கொடுத்தனுப்புவார். நாம் அதுவும் தரவில்லை.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது வேறு. சிறு தொழில்களுக்குப் பத்து இலட்ச ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்திருந்தது. முத்ரா திட்டமும் 2015-இல் அதே அளவுக்குப் பிணையில்லாக் கடனென்றுதான் அறிவிக்கப்பட்டது. அவன் கேட்டது ஏழரை இலட்சம். “விண்ணப்பத்தை எழுத்தில் கொடு, மறுப்பதாயின் மறுப்பையும் எழுத்தில் கேள்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நமக்குத் தெரிந்தால்தானே சொல்ல! அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த ஷும்பீட்டர், பழையதை அழித்துப் புதியது படைப்பவனே தொழில்முனைவோன் என்று சொன்னதை மூன்று வகுப்புகள் விரித்துரைத்த நாம், நம் ஊர் வங்கி மேசையில் செல்லுபடியாக வேண்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கையைப் படித்ததில்லை. படித்தவர் என்று பெயர், பட்டமும் உண்டு!

வழி தானே பிறக்கும் என்றோமல்லவா, பிறந்தது! தந்தையின் சேமநிதியில் ஒரு பகுதி. மீதிக்குத் தனியார் பைனான்ஸ், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. பட்டறை தொடங்கிற்று. வேலையும் வந்தது, நல்ல வேலை என்று பெயரும் வந்தது. கூலிதான் வரவில்லை. “அடுத்த மாசம் பாக்கலாம்” என்றது வேலை கொடுத்த ஆலை. மூன்று மாதம், நான்கு மாதம், ஐந்து மாதம். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஜி.எஸ்.டி. வந்தது; ஜாப் ஆர்டர் வேலைக்கு 18 விழுக்காடு. பதிவெண் இல்லாத பட்டறைக்கு வேலை தர ஆலைகள் தயங்கியதால் பதிவு செய்துகொண்டான். கைக்கு வராத கூலிக்கும் வரியை முன்னால் கட்டினான். பைனான்ஸ்காரருக்கு ஐந்து மாதம் பொறுக்கும் பழக்கம் இல்லை. பதினான்காம் மாதம் லேத் விலைபோயிற்று.

இங்கும் ஒரு சட்டம் இருந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. வைத்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு, அதுவும் கூட்டுவட்டி! முறையிட மன்றமும் உண்டு. அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பாடம் நடத்திய நமக்கும் தெரியாது.

சில நாள் கழித்து அவன் தந்தை கல்லூரிக்கு வந்தார். வைய வந்திருக்கிறார் என்று எண்ணினோம். வைதிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். கையில் மகனுடைய பழைய திட்டநோட்டு. நாற்காலியில் அமரச் சொன்னோம். நெடுநேரம் தயங்கி, நுனியில் அமர்ந்தார். வெந்த தழும்பேறிய விரல்களால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க வாத்தியாரய்யா, என்ர பையன் இந்தக் கணக்குல எங்கீயாச்சும் தப்புப் பண்ணிப் போட்டானுங்களா? அதை மட்டும் சொல்லிப் போடுங்க. நானும் படிச்சவனில்லீங்க, எனக்குப் பாக்கத் தெரியல.”

முதல் பக்கத்தில் நம் கையெழுத்து. சிவப்பு மையில், மிக நன்று என்ற பாராட்டு. கணக்கில் தவறேதும் இல்லை என்றோம். அப்படியானால் தவறு எங்கே என்று அவர் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நம் பாடக்குறிப்பை எடுத்துப் புரட்டினோம். என்ன இருந்தது அதில்?

அமெரிக்க உளவியலறிஞர் மெக்கிளெல்லண்ட் இருந்தார். வளர்ச்சிக்கு மூலம் மனிதனின் சாதனை வேட்கை என்று கூறி, 1964-இல் ஆந்திரத்துக் காக்கிநாடாவிலிருந்து ஆட்களைத் திரட்டி, ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிலையத்தில் அந்த வேட்கையை ஊட்டிப் பார்த்தவர். பயிற்சி பெற்றோர் முன்னிலும் சுறுசுறுப்பாயினர் என்று அவரும் அவர் தோழர் வின்டரும் 1969-இல் நூலாகவே எழுதினர். நாம் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கு வந்தோர் பெரும்பாலும் யார்? முன்னமே கடையோ தொழிலோ வைத்திருந்தவர்கள்! விளக்கில் எண்ணெய் இருந்தது, திரியைத் தூண்டினார். எண்ணெயே இல்லாத வீட்டில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவர் நாம்தான்.

அடுத்த ஏட்டில் ஜி.டி.நாயுடு. கோவையில் இந்தப் பாடத்தை நடத்துவோர் எவரும் அவரை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை முடித்துக்கொண்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவை உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்து, காசு சேர்த்து, வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டியவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் பேருந்து ஓட்டியவர். 1937-இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்த நாட்டிலேயே மின்மோட்டார் செய்ய முடியும் என்று காட்டியவர். தந்தை பெரியாரின் நண்பர். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி எழ முன்னின்றவரும் அவரே; இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. பொறியியலுக்கு நான்காண்டு வீண், இரண்டாண்டு போதும் என்று அரசோடு வாதாடி, அரசு இணங்காததால் பொறுப்பைத் துறந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது வகுப்பில் கையொலி வானைப் பிளக்கும். நான்காண்டாய் அமர்ந்திருப்பவர்கள் அல்லவா!

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீள உயர்மட்டப் பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியபோது, பெயரின் வாலில் இருக்கும் சாதியைப் பற்றி வழக்காடினார்கள். வால் வேண்டாம் என்பது நம் கட்சி. ஆனால் நாம் இங்கே பேச வந்தது வேறு. அந்த மேதையின் கதையில் நாம் எப்போதும் ஒரு வரியைத் தாண்டிச் சென்றோம். அந்தப் பேருந்துக்குக் கடன் கொடுத்துத் தாங்க, கோவையின் ஸ்டேன்ஸ் துரை இருந்தார். நாயுடுவின் அறிவைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அறிவுக்கும் ஒரு துரை வேண்டியிருந்தது என்றால், அச்சு உடைக்கும் தொழிலாளியின் மகனுக்கு யார் துரை?

பீளமேட்டுக் கதையையும் பாருங்கள். பி.எஸ்.கோவிந்தசாமியின் மக்கள் நால்வர், குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை 1926-இல் அறநிலையத்துக்கு வைத்தனர். தொழிற்பள்ளி வந்தது, பின்னர் 1951-இல் பொறியியல் கல்லூரி வந்தது. படிக்கும் வளாகத்திலேயே லேத்தும் பம்பும் செய்யும் தொழிற்கூடம்! பட்டறையையும் பாடத்தையும் ஒரே வேலிக்குள் வைத்த அந்த அறிவை இன்றும் போற்றுகிறோம். பின்னாளில் 1998-இல் அங்கே தொழில்முனைவோர் பூங்கா அமைந்ததும் அந்த வழியில்தான். ஆனால் வேலிக்குள் வர இடஒதுக்கீடு வழி செய்தது. வேலியைத் தாண்டித் தொழிலுக்குப் போக என்ன வழி?

இதை வயிற்றெரிச்சல் என்று சொல்வோர் சொல்லட்டும். கணக்கைக் காட்டுகிறோம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து, 2004-இல் வெளியிட்டனர். கொங்கில் நிலங்கொண்ட பெருஞ்சமூகத்தைச் சேர்ந்த உரிமையாளர்கள், வெளியிலிருந்து வந்த உரிமையாளர்களைவிடக் கூடுதல் முதலோடு தொழில் நடத்தினர்; ஆனால் உற்பத்தியில் விரைந்து வளர்ந்தவர்கள் வெளியார்! திறமை ஒரு பக்கம் ஓடிற்று. முதல் இன்னொரு பக்கம், உறவின் வாய்க்கால் வழியே ஓடிற்று. அதே ஆண்டு சரத் சாரி என்பாரும் திருப்பூர் பற்றி நூல் எழுதினார். உழவராயும் தொழிலாளராயும் இருந்து முதலாளியானவர்களைக் கேட்டால், உழைப்பு, உழைப்பு என்றே விடை வந்தது என்கிறார். பொய்யில்லை. காட்டைத் திருத்தியவர்கள், கவலை ஓட்டியவர்கள், பனியனாலையில் இரவு பகல் பாராமல் நின்றவர்கள். அந்த உழைப்பை இகழ்பவன் தமிழனல்லன். ஆனால் அவர்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாய் நின்றவனும் உழைத்தான், தோழர்களே! ஒரே கிணற்று நீர், ஒரே வெயில். ஒருவர் வியர்வை முதலாயிற்று, மற்றவர் வியர்வை ஆவியாயிற்று. ஏன்? ஒருவரிடம் பத்திரம் இருந்தது.

வகுப்பறைக்குள்ளும் அரசு அலுவலகத்துக்குள்ளும் சமூகநீதி நுழைந்துவிட்டது. எளிதாக நுழையவில்லை, போராடி நுழைந்தது. நுழைந்த சில ஆண்டுகளிலேயே, என்ன விந்தையோ, “அரசு வேலையைத் தேடாதே, முதலாளியாகு” என்ற உபதேசம் ஓங்கி ஒலிக்கத் தொடங்கிற்று. அந்த உபதேசத்தை ஊதிய குழல்களில் நாமும் ஒன்று. ஒதுக்கீடு உள்ள கதவைக் காட்டி “அங்கே போகாதே” என்றோம். ஒதுக்கீடு இல்லாத கதவைக் காட்டி “இங்கே வா, துணிவு ஒன்றே போதும்” என்றோம்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். நம் வகுப்பில் திட்டம் எழுதுவதில் பெண்கள் பின்தங்கியதே இல்லை. தந்தையின் பம்புப் பட்டறையில் எந்தச் சுருணைக்கு எத்தனை சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாணவி ஒருத்தி இருந்தாள்; அவள் அண்ணனுக்கு அந்தக் கணக்கு இன்றும் வராது. பட்டம் பெற்ற ஆண்டே மணம். மணத்துக்கு முன் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, நகைக்கு ஈடாகக் குடும்பச் சொத்தில் உரிமை இல்லை என்று எழுதி வாங்கினர். அந்தத் தாளுக்கு என்ன பெயர் தெரியுமோ? விடுதலைப் பத்திரம்! யாரிடமிருந்து யாருக்கு விடுதலை? செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-இல் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கும் நாம் சாதனை வேட்கைதான் கற்பித்தோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று கற்பிக்கவில்லை.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதையையும் சொல்லி வந்தோம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். ஏழைப் பெண்களுக்கென மலிவாக அணையாடை செய்யும் பொறியைச் சமைத்து, 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்போம். அவர் ஏன் அத்தனை துன்பம் பட்டார்? இரத்தம் படிந்த துணியை ஆண்மகன் ஆராய்வதா என்று உற்றார் விலகினர். பேய் பிடித்ததென்று ஊரார் பேசினர். தீட்டு என்னும் மூடத்தனம்தான் அவர் தொழிலுக்குத் தடை. அந்தச் சொல்லை மட்டும் வகுப்பில் உச்சரிக்க மாட்டோம்! மாணவிகள் இருக்கிறார்களாம், நாகரிகம் இல்லையாம். தீட்டைச் சொல்லாமல் முருகானந்தத்தைச் சொல்வது, அக்கிரகாரத்தைச் சொல்லாமல் வைக்கத்தைச் சொல்வது போன்றதல்லவா?

மூடத்தனம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாம் பணிபுரிந்த கல்லூரியில் புதுத் தொழில்களை வளர்க்க ஒரு மையம் திறந்தார்கள். மாணவர்க்கு அறிவியல் வழி சிந்திக்கக் கற்பிக்கும் இடம். திறப்புவிழா? நல்ல நேரம் பார்த்து, ஓமம் வளர்த்து, முப்பரிமாண அச்சுப்பொறிக்குச் சந்தனம் பூசி, கணினிக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்து! புகை மிகுந்து தீயணைப்பு மணி அலறியதுதான் அன்று நடந்த ஒரே அறிவியல் நிகழ்ச்சி.

வேறு எங்கேனும் வேறு விதமாக நடந்திருக்கிறதா என்று தேடினோம். ஸ்பெயின் நாட்டில், பாஸ்க் மக்கள் வாழும் மொன்ட்ராகன் என்னும் சிற்றூர். உள்நாட்டுப் போரில் நொந்த ஊர். அங்கே 1943-இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார், அரிஸ்மென்டியாரியேட்டா என்பவர். அவர் ஒரு பாதிரியார்! பகுத்தறிவு ஏட்டில் பாதிரியாரா என்று புருவத்தை உயர்த்தாதீர், செய்ததைக் கேளுங்கள். அந்தப் பள்ளியில் பயின்றவர் ஐவர், 1956-இல், ஊர் மக்களிடம் பணம் திரட்டி, உல்கோர் என்ற பெயரில் அடுப்புச் செய்யும் தொழிலகம் தொடங்கினர். தொழிலாளரே உரிமையாளர். கோவையில் இரண்டாவது பெரும் தனியார் பொறியியல் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி, தோன்றியதும் அதே 1956-இல்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு கழித்து, 1959-இல், மொன்ட்ராகன் மக்கள் இன்னொன்று செய்தனர்: தங்களுக்கென ஒரு வங்கி! நாளெல்லாம் செபம் சொல்லும் பாதிரியாருக்கே, செபத்தால் முதல் வராது என்பது தெரிந்திருந்தது. பகுத்தறிவு பேசும் நமக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் வழி அடைபட்டே கிடக்கிறது என்று சொல்ல மாட்டோம். 2023-இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் தொழில் தொடங்கினால், முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. நம் மாணவனுக்கு ஆறாண்டு பிந்தி வந்தது. வரப்போகும் மாணவர்க்கு உரியது. அதிலும் மீதி 65-இல் பெரும்பகுதிக்கு அதே வங்கி மேசைக்குத்தான் போகவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு நாள் அவனைத் தேடிப் போனோம். கணபதிப் பக்கம் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. பைனான்ஸ் கடன் தீர்ந்துவிட்டதாகச் சொன்னான். தவறு நம்முடையது என்றோம். “விடுங்க சார்” என்று சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தான்; காசு கொடுக்க விடவில்லை. சட்டங்களைப் பற்றிச் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அந்தப் பில் புக்கு இன்னும் வீட்ல இருக்குதுங்க சார்” என்றான்.

இவ்வாண்டு முதல் வகுப்பில் கேள்வியை மாற்றினோம். “உங்கள் உறவில், வங்கிக்கு வந்து உங்களுக்காகப் பிணைக் கையெழுத்துப் போடக்கூடியவர் இருக்கிறார் என்போர் மட்டும் கை தூக்குங்கள்.” அறுபதில் பதினான்கு. கை தூக்கியவர்கள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தனர். மற்றவர்கள் மேசையைப் பார்த்தனர். ஷும்பீட்டரை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் விதியைத் தமிழில் எழுதிப் போட்டோம். விண்ணப்பம் எழுதுவது எப்படி, மறுப்பை எழுத்தில் பெறுவது எப்படி, பதிவு எங்கே, மன்றம் எங்கே என்பனதாம் முதல் மாதப் பாடம்.

இரண்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை, அந்தப் பழைய மாணவரையே வகுப்புக்கு அழைத்தோம். வந்தார். பில் புத்தகத்தைத் திறந்து, தேதிகளைப் பலகையில் எழுதினார். ஒவ்வொன்றின் அருகிலும் நாற்பத்தைந்தாம் நாள் எதுவென்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வட்டி வரவேண்டியிருந்தது என்பதையும் போட வைத்தார். பலகை நிறைந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

“அண்ணா, சட்டம் இருக்குது சரிங்க. ஆனா மனு போட்டா அந்த மில்லுக்காரங்க அப்பறம் வேலையே தரமாட்டாங்களே. பக்கத்துப் பட்டறைக்குக் குடுத்துருவாங்களே. அதுக்கு என்னங்க பண்றது?”

சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். “எனக்கும் தெரியலீங்க கண்ணு” என்றார். நம்மைப் பார்த்தார். நமக்கும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் பேசும் பழக்கத்தை அந்த ஆண்டுதான் விட்டிருந்தோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “பக்கத்துப் பட்டறையும் அதே நாள்ல மனு போட்டா?”

“அதுக்கும் பக்கத்துல இருக்கறவங்க?” என்றாள் மாணவி.

“அவங்களுந்தான்.”

அவர் மீண்டும் சுண்ணக்கட்டியை எடுத்தார். பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் அழித்து, ஆவாரம்பாளையத்தில் தாம் இருந்த தெருவைக் கோடாக இழுத்து, அந்த ஆலைக்கு வேலை செய்யும் பட்டறைகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணத் தொடங்கினார்.